உரம் போடுவது நெல்லுக்கா, களைக்கா? ஒரு யூரியா மூட்டையின் கணக்கு

வயலில் உரம் போட்டால் நெல் வளரும். இது ஊரறிந்த விஷயம். அதே உரத்தைத் தின்று களையும் வளரும். இதுவும் ஊரறிந்த விஷயம்தான். ஆனால் இந்த இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

உரத்துக்கு ஒரு மானியம், ஒரு பரிந்துரை அட்டவணை. களைக்கு வேறொரு மருந்து, வேறொரு அட்டவணை. இரண்டும் ஒரே கடையில் விற்கும், ஆனால் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. யூரியா தட்டுப்பாடு என்றால் தலைப்புச் செய்தி. அந்த யூரியாவில் எவ்வளவு களையின் வயிற்றுக்குள் போனது என்பது எங்கேயும் செய்தியாக வருவதில்லை.

காவிரி டெல்டாவில் நடவு குறைந்து, நேரடி நெல் விதைப்பு பரவிவரும் இந்த நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ஏனென்றால் நேரடி விதைப்பில் களை ஒரு சின்னத் தொல்லை கிடையாது. விளைச்சலில் எவ்வளவு வீட்டுக்கு வரும் என்பதையே அதுதான் முடிவு செய்கிறது.

களை ஏன் முந்துகிறது?

நாற்று நடுகிற வயலை முதலில் பார்ப்போம். நாற்றங்காலில் 3 வாரம் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி, சேறு கலக்கிய வயலில் நடுகிறார்கள். நட்ட பிறகு தண்ணீர் கட்டுகிறார்கள். இதில் நெல்லுக்கு இரண்டு சலுகை. ஒன்று, களை விதை முளைக்கும்போதே நெல்லுக்கு 3 வார வயது. இரண்டாவது, தேங்கி நிற்கும் தண்ணீருக்கு அடியில் பல களை விதைகளால் முளைக்கவே முடியாது. காற்று கிடைக்காது.

அதாவது, வயலில் தண்ணீர் கட்டுவது நெல்லின் தாகத்துக்காக மட்டும் இல்லை. அது பல நூறு ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் ஒரு களைக்கொல்லி. காசு கொடுத்து வாங்காத களைக்கொல்லி.

நேரடி விதைப்பில் இந்த இரண்டு சலுகையும் போய்விடுகிறது. புழுதியில் விதைத்தாலும் சரி, சேற்றில் டிரம் சீடர் ஓட்டி விதைத்தாலும் சரி, நெல்லும் களையும் ஒரே நாளில் ஓட்டப்பந்தயம் தொடங்குகின்றன. அந்தப் பந்தயத்தில் களைக்குத்தான் கால் நீளம்.

நெல் வயலின் முக்கியமான வில்லன் குதிரைவாலி இனத்துப் புல். இது 'சி4' வகைத் தாவரம். நெல் 'சி3' வகை. சிம்பிளா சொன்னா, சுட்டெரிக்கும் வெயிலில் குறைந்த தண்ணீரில் சர்க்கரை தயாரிக்கும் வேலையை நெல்லைவிட இந்தப் புல் திறமையாகச் செய்யும். ஒரு கிலோ தழைச்சத்து கிடைத்தால் அதை வைத்து நெல்லைவிட அதிகம் வளரும். கூடவே கோரை, ஆரைக்கீரை, கரிசலாங்கண்ணி என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. ஆம், தலைமுடி எண்ணெய் விளம்பரத்தில் வரும் அதே கரிசலாங்கண்ணிதான். வயலில் அதற்குப் பெயர் களை.

இந்தப் போட்டி எவ்வளவு தூரம் விளைச்சலைத் தின்கிறது? ஜபல்பூரில் இருக்கும் களை ஆராய்ச்சி இயக்குநரகத்தின் விஞ்ஞானிகள், 18 மாநிலங்களில் 10 பயிர்களில் விவசாயிகளின் வயல்களிலேயே நடந்த 1,581 பரிசோதனைகளின் முடிவுகளைச் சேர்த்து 2018-ல் வெளியிட்டார்கள். நடவு நெல்லில் களையால் ஏற்படும் சராசரி இழப்பு 13.8 சதவீதம். நேரடி விதைப்பு நெல்லில் அது 21.4 சதவீதம். கோதுமையில் 18.6. பத்துப் பயிர்களுக்கும் சேர்த்து நாட்டின் இழப்பு ஆண்டுக்கு சுமார் 1,100 கோடி டாலர்.

இவை சராசரிகள். களையைக் கண்டுகொள்ளாமல் விட்ட வயலில் இழப்பு இதைவிடப் பல மடங்கு போகும்.

அப்புறம் ஏன் நேரடி விதைப்பு?

நியாயமான கேள்வி. பதில்: தண்ணீர், ஆள், கூலி.

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கும் என்பது டெல்டாவின் நம்பிக்கை. எல்லா ஆண்டும் அது நடப்பதில்லை. தண்ணீர் தாமதமாக வரும் ஆண்டில் நாற்றங்கால் விட்டு, நாற்று வளர்த்து, சேறு கலக்கி நடுவதற்குள் பருவம் நழுவிவிடும். வடகிழக்குப் பருவமழையில் இளம் பயிர் மாட்டிக்கொள்ளும். நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களின் கடைமடைப் பகுதிகளில் சம்பாவுக்குப் புழுதி விதைப்பு செய்வது இதனால்தான். மழை ஈரத்திலேயே முளைத்து, ஆற்றுத் தண்ணீர் வரும்போது பயிர் தயாராக நிற்கும்.

நடவுக்கு ஆள் கிடைப்பதும் குறைந்துவிட்டது. கிடைத்தாலும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் ஆள் வேண்டும். அதோடு, நேரடி விதைப்பில் தண்ணீர் மிச்சமாகும். வயலில் தொடர்ந்து தண்ணீர் தேங்காததால் மீத்தேன் வாயு வெளியேறுவதும் குறையும். பஞ்சாப் அரசு 2022-ல் நேரடி விதைப்பு செய்பவர்களுக்கு ஏக்கருக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது நிலத்தடி நீரைக் காப்பாற்றத்தான்.

ஆக, நேரடி விதைப்பு திரும்பிப் போகப் போவதில்லை. போகவும் கூடாது. ஆனால் அதன் விலையை யாராவது கொடுத்தாக வேண்டும். அந்த விலைதான் களை.

ஒரு மூட்டையின் பயணம்

இப்போது யூரியா கணக்குக்கு வருவோம்.

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. 2018-க்கு முன்பு 50 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அதாவது ஒரு மூட்டையில் சுமார் 20.7 கிலோ. விவசாயி கடையில் கொடுப்பது சுமார் 266 ரூபாய். அரசு அதற்குமேல் ஏற்றுக்கொள்ளும் தொகை இதைப்போலப் பல மடங்கு. 2022-23 நிதியாண்டில் நாட்டின் மொத்த உர மானியம் 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது.

இவ்வளவு செலவு செய்து வயலுக்குப் போகும் தழைச்சத்தில் நெல் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது? வழக்கமான முறையில் தூவினால் 30 முதல் 40 சதவீதம். ஒரு மூட்டையில் 6 முதல் 8 கிலோ. மிச்சம் 12 கிலோவுக்கு மேல் எங்கே போகிறது?

கொஞ்சம் அம்மோனியாவாக ஆவியாகிக் காற்றில் போகும். கொஞ்சம் நைட்ரேட்டாகி நிலத்தடி நீருக்கு இறங்கும். கொஞ்சம் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் கைவண்ணத்தில் நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் மாறும். நைட்ரஸ் ஆக்சைடு ஒரு கிலோ, கரியமில வாயு சுமார் 270 கிலோவுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கொஞ்சம் மண்ணிலேயே தங்கும். களை மண்டிய வயலாக இருந்தால், ஒரு பெரிய பங்கு களைக்குப் போகும்.

இங்கதான் டைமிங் முக்கியமாகிறது. விதைத்த முதல் இரண்டு வாரத்தில் நெல்லின் வேர் சின்னது. அதன் பசியும் சின்னது. அந்த நேரத்தில் 'பயிர் பச்சை கட்டட்டும்' என்று யூரியாவை அள்ளித் தூவினால், அதை உறிஞ்சத் தயாராக நிற்பது யார்? வேகமாக வேர்விடும் களைதான். களை எடுக்காமல் உரம் போடுவது, விருந்தாளி வருவதற்கு முன்பே இலை போட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பரிமாறுகிற கதை.

அப்படிக் கொழுத்த களை அதோடு நிற்காது. நெல்லுக்கு மேலே உயர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். வெளிச்சம் கிடைக்காத நெல், தூர் கட்டாது. தூர் குறைந்தால் கதிர் குறையும். 'பயிர் தேறலையே, இன்னொரு மூட்டை போடுவோம்' என்று விவசாயி நினைப்பார். இரண்டாவது மூட்டையும் களைக்கே போகும். இந்தச் சுழலில் கடைக்கு லாபம், களைக்கு லாபம். விவசாயிக்கும் அரசுக்கும் நஷ்டம்.

அப்படியானால் உரத்தைக் குறைத்தால் போதுமா?

போதாது. இதற்கு ஒரு நல்ல எதிர் உதாரணம் இருக்கிறது. சோளம், மக்காச்சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களை ஆப்பிரிக்காவில் பெரிய சாபம். இதன் விதை சும்மா முளைப்பதில்லை. பயிரின் வேரிலிருந்து கசியும் ஒருவகை வேதிப்பொருள் பட்டால்தான் முளைக்கும். சத்து இல்லாத மண்ணில் பசியோடு நிற்கும் பயிர்தான் அந்த வேதிப்பொருளை அதிகமாகக் கசியவிடும். அதாவது பட்டினி கிடக்கும் பயிர், தன் எதிரியைத் தானே கூப்பிடுகிறது.

இதற்குக் கென்யாவில் பூச்சியியல் ஆய்வு மையமான 'இசிபே' விஞ்ஞானிகள் கண்ட வழி, மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறு வகைச் செடியை வளர்ப்பது. அது மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். அதன் வேர்க்கசிவு சுடுமல்லியை ஒட்ட விடாது. உரமும் களைக்கட்டுப்பாடும் ஒரே செடியில் நடக்கிறது.

ஆக, அதிகமாகப் போட்டாலும் களை, போடாமல் விட்டாலும் களை. எவ்வளவு, எப்போது, எந்த இடத்தில் என்பதுதான் விஷயம்.

'மருந்து அடிச்சா போச்சு!'

களைக்கு இன்று ஊரில் கிடைக்கும் உடனடிப் பதில் இது. இதைக் கேலி செய்ய முடியாது. நேரடி விதைப்பு செய்த ஒருவருக்குக் களைக்கொல்லி என்பது ஆடம்பரம் இல்லை. விதைத்த சில நாட்களில் பிரிட்டிலாகுளோர் அல்லது பென்டிமெத்தலின், பிறகு களைக்கு இரண்டு மூன்று இலை வந்ததும் பிஸ்பைரிபேக் சோடியம் என்று அடித்துத்தான் பலர் பயிரைக் காப்பாற்றுகிறார்கள். ஆள் கிடைக்காத வாரத்தில் வேறு வழியும் இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அதையே ஆண்டுதோறும், அதை மட்டுமே நம்பும்போது.

களை ஒரு மாணவன் மாதிரி. எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதோ அதற்குப் பதில் படித்துக்கொள்ளும். இது வெறும் உவமை கிடையாது. சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் இருக்கும் ஒருவகைக் குதிரைவாலிப் புல், இளம் பருவத்தில் அச்சு அசலாக நெல் நாற்று மாதிரியே நிமிர்ந்து நிற்கும். அதன் மரபணுக்களை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வு சொன்னது இது: சுமார் 1,000 ஆண்டுகளாக விவசாயிகள் வித்தியாசமாகத் தெரிந்த புல்லை எல்லாம் பிடுங்கி எறிந்தார்கள். நெல் மாதிரி தெரிந்தது மட்டும் தப்பியது. கடைசியில் மனிதக் கண்ணே அந்தப் புல்லுக்கு நெல் வேஷம் கட்டிவிட்டது.

கண்ணை ஏமாற்ற 1,000 ஆண்டு. களைக்கொல்லியை ஏமாற்ற அவ்வளவு காலம் தேவைப்படவில்லை.

பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் நடந்த கதை அதற்குச் சாட்சி. அங்கே 'குல்லி டண்டா' என்று அழைக்கப்படும் ஒரு புல், பார்க்கக் கோதுமை மாதிரியே இருக்கும். கையால் பிரித்தெடுப்பது கஷ்டம். 1980-களில் ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லி வந்தபோது விவசாயிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். நெல், கோதுமை, மறுபடி நெல், மறுபடி கோதுமை என்று ஒரே சுழற்சி. ஒவ்வொரு கோதுமைக்கும் அதே மருந்து. 1990-களின் தொடக்கத்தில் ஹரியானாவில் அந்த மருந்து வேலை செய்வதை நிறுத்தியது. புல் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. கோதுமையைக் களையோடு சேர்த்து அறுத்து மாட்டுக்குப் போட்ட வயல்களும் உண்டு.

1990-களின் பின்பாதியில் புது மருந்துகள் வந்தன. சில ஆண்டுகளில் அவற்றில் சிலவற்றுக்கும் புல் பதில் கண்டுபிடித்தது.

அங்கே உண்மையிலேயே கைகொடுத்தது எது தெரியுமா? உழாமல் விதைப்பது. நெல் அறுத்த வயலைக் கிளறாமல் நேரடியாகக் கோதுமை விதைத்தால் ஆழத்தில் கிடக்கும் களை விதை மேலே வராது. உழவு நேரம் மிச்சமாவதால் சீக்கிரம் விதைக்கலாம். குளிர் இறங்கிக் களை முளைப்பதற்குள் கோதுமை முந்திக்கொள்ளும். மருந்துப் புட்டிக்கு வெளியே இருந்து வந்த தீர்வு அது.

புதிய ரகம், பழைய ஆபத்து

இந்தப் பின்னணியில்தான் களைக்கொல்லி தாங்கும் நெல்லைப் பார்க்க வேண்டும். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா பாஸ்மதி 1979, பூசா பாஸ்மதி 1985 என்ற இரண்டு ரகங்கள் 2024-ல் விற்பனைக்கு வந்தன. இமாசெத்தபைர் என்ற களைக்கொல்லியை வயல் முழுக்க அடித்தாலும் இந்த நெல் சாகாது. சுற்றியிருக்கும் களை சாகும்.

இது மரபணு மாற்றுப் பயிர் இல்லை. வேறு உயிரினத்தின் மரபணு எதுவும் உள்ளே போகவில்லை. நாகினா 22 என்ற பழைய நெல் ரகத்தின் விதைகளை வேதிப்பொருளில் நனைத்து, இயல்பான மரபணுவில் திடீர் மாற்றங்களை உண்டாக்கி, அதில் தேறிய ஒரு செடியிலிருந்து வந்தது. அந்தச் செடியை அடையாளம் கண்டவர் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆய்வாளர் ராபின். அவர் பெயரிலேயே அது 'ராபின்' என்று அழைக்கப்படுகிறது. டெல்லி ரகத்துக்குள் இருக்கும் கோவைத் தொடர்பு இது.

அறிவியலாகப் பார்த்தால் நல்ல வேலை. பயன்பாட்டில்தான் கவனம் வேண்டும். காரணம் இரண்டு.

முதலாவது, நெல்லுக்குள்ளேயே ஒரு களை உண்டு. காட்டு நெல், களை நெல் என்று சொல்வார்கள். அது பயிர் நெல்லோடு கலக்கும். அமெரிக்காவில் இதேபோன்ற களைக்கொல்லி தாங்கும் நெல் 2002-ல் அறிமுகமானது. சில ஆண்டுகளிலேயே அந்தத் தாங்கும் சக்தி களை நெல்லுக்கும் போய்ச் சேர்ந்தது. மலேசியாவிலும் அதே கதை.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. இமாசெத்தபைரும், நெல் விவசாயிகள் ஏற்கெனவே அடித்துவரும் பிஸ்பைரிபேக் சோடியமும் வேறு வேறு பெயர்கள், வேறு வேறு புட்டிகள். ஆனால் செடிக்குள் இரண்டும் குறிவைப்பது ஒரே நொதியை. அந்த நொதியைத் தாக்கும் களைக்கொல்லிகளுக்குத்தான் உலகிலேயே மிக அதிகமான களை இனங்கள் எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கின்றன. 'போன வருஷம் அது அடிச்சேன், இந்த வருஷம் மாத்தி இது அடிக்கிறேன்' என்று விவசாயி நினைக்கலாம். களையைப் பொறுத்தவரை கேள்வித்தாள் மாறவே இல்லை.

இந்தத் தகவல் புட்டியின் மேல் பெரிய தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு எண் போதும்: இந்த மருந்து எந்தக் குழு? அதே குழு மருந்தை அடுத்தடுத்து அடிக்காதே. ஆஸ்திரேலியாவில் களைக்கொல்லி புட்டிகளில் குழு அடையாளம் கட்டாயம். இங்கே விவசாயி கடைக்காரரின் வாய்வார்த்தையை நம்ப வேண்டியிருக்கிறது.

பெண்களின் கை

'பழையபடி ஆளை வைத்துக் களை எடுக்க வேண்டியதுதானே?' நகரத்தில் இருந்து கேட்பதற்குச் சுலபமான கேள்வி. சேற்று வயலில் நாள் முழுக்கக் குனிந்து நின்று களை பறிப்பது தமிழ்நாட்டில் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஆண்களைவிடக் குறைந்த கூலிக்குச் செய்யும் வேலை. இடுப்பு வலி, கால் புண் என்று அதற்கான விலையை உடம்பு கொடுக்கும். வேறு வேலை கிடைத்ததும் அதைவிட்டுப் போனவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய சாட்சியே இருக்கிறது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டில் 1843-ல் தொடங்கிய கோதுமை உரப் பரிசோதனை இன்றும் நடக்கிறது. ஆண்டுதோறும் அதே பாத்திக்கு அதே உரம். முதல் உலகப் போர் காலத்தில் கையால் களை எடுக்க ஆள் இல்லாமல் போனது. உரம் எதுவும் மாறவில்லை. ஆனால் களை பெருகி விளைச்சல் சரிந்தது. கடைசியில் 1920-களில் வயலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தரிசு போட்டுக் களையை அடக்க வேண்டிவந்தது. உலகின் மிகப் பழைய உரப் பரிசோதனை சொல்லித் தந்த பாடம், உரம் மட்டும் போதாது என்பதுதான். அதே பாணியில் கோவையிலும் 1909 முதல் ஒரு நிரந்தர உரப் பரிசோதனை நடக்கிறது.

ஆக, கையும் போதாது, மருந்தும் போதாது. அதற்காகப் பெண்களை வயலிலிருந்து சத்தமில்லாமல் கழற்றிவிடுவதும் தீர்வாகாது. மருந்து அடிக்கும் வேலை பெரும்பாலும் ஆண்களுக்குப் போகிறது. களை எடுத்தவர்களுக்கு அந்தக் கூலி நின்றுபோகிறது. சுயஉதவிக்குழுப் பெண்களுக்கு 15,000 ட்ரோன்கள் தரும் திட்டத்தை மத்திய அரசு 2023-ல் அறிவித்தது. அதே அக்கறை, குனியாமல் ஓட்டக்கூடிய களை எடுக்கும் கருவிகளுக்கும் வேண்டும். ட்ரோன் வானத்தில் பறப்பதால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். பவர் வீடர் சேற்றில் ஓடுவதால் அப்படி இருக்காது. ஆனால் ஒரு ஏக்கர் நெல்லுக்கு எது அதிகம் உதவும் என்று பார்த்தால் பதில் வேறு.

என்னதான் செய்யலாம்?

நல்ல செய்தி: புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவை ஏற்கெனவே வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைகளில் இருப்பவை. அவற்றை ஒன்றாகச் சேர்ப்பதுதான் பாக்கி.

விதைக்கும் முன்பே ஒரு ரவுண்டு: வயலை நனைத்து, களை முளைக்க விட்டு, முளைத்ததை அழித்துவிட்டுப் பிறகு விதைப்பது. இரண்டு வாரம் செலவாகும். ஆனால் மேல்மண்ணில் இருக்கும் களை விதையில் ஒரு பெரும் பகுதி அப்போதே காலியாகும்.

வரிசை: கை வீச்சாக விதைத்த வயலில் எந்தக் கருவியும் ஓட்ட முடியாது. டிரம் சீடரிலோ விதைக்கும் இயந்திரத்திலோ வரிசையாக விதைத்தால் கோனோ வீடர் ஓட்டலாம். அது களையைப் பிடுங்கி வெளியே போடாது. அங்கேயே சேற்றில் அமுக்கிவிடும். களை தின்ற உரம் அழுகி மறுபடி மண்ணுக்கே வரும். 'ராஜராஜன் 1000' என்று தமிழ்நாட்டில் அழைக்கப்பட்ட திருந்திய நெல் சாகுபடியின் அடிப்படைகளில் இதுவும் ஒன்று.

தக்கைப்பூண்டு: நெல்லோடு சேர்த்துத் தக்கைப்பூண்டை விதைத்தால் அது வேகமாக வளர்ந்து களைக்கு வெளிச்சம் போகாமல் மறைக்கும். சுமார் ஒரு மாதத்தில் அதை மண்ணில் மடக்கிவிட்டால் தழைச்சத்து. கென்யாவின் டெஸ்மோடியம் செய்யும் வேலையை ஏறக்குறைய இங்கே தக்கைப்பூண்டு செய்யும்.

முதலில் களை, பிறகு யூரியா: இந்த வரிசையை மாற்றாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. தழைச்சத்தை ஒரேயடியாகப் போடாமல், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது என்று பிரித்துப் போடுவது. ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் வயல் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது.

இலை வண்ண அட்டை: பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன அட்டை. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை கட்டங்கள். வயலில் 10 செடிகளின் இலையை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது அளவு. 10-ல் 6 இலைகள் அதற்குக் கீழே இருந்தால் மட்டும் யூரியா போடலாம். வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். சார்ஜர் வேண்டாம், சிக்னல் வேண்டாம். பயிருக்கு உண்மையிலேயே பசிக்கிறதா என்று கேட்கும் கருவி இது.

மானியம் எதற்கு?

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் நடக்கவில்லை? காரணம் விவசாயியின் அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, ஆனால் தவறு. அவர் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறார். 45 கிலோ யூரியா சுமார் 266 ரூபாய். 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய். 2010-ல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியா மட்டும் அதிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது. விளைவு, மணிச்சத்தும் சாம்பல் சத்தும் காஸ்ட்லி, தழைச்சத்து மலிவு. மலிவானதை அள்ளிப் போடுவது இயல்பு. கடன் வாங்கிக் களை எடுப்பதைவிட இன்னொரு மூட்டை யூரியா சுலபம்.

2015-ல் எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூச்சு கட்டாயமானது நல்ல நடவடிக்கை. அது தழைச்சத்து கரைவதை மெதுவாக்கும். ஆனால் எந்தப் பூச்சும், மூட்டையைப் பிரிக்கும் நாளன்று வயலில் களை நிற்கிறதா என்று பார்க்காது.

இந்த மானியத்தில் ஒரு சின்னத் துளியைத் திருப்பிவிட்டால் போதும். நேரடி விதைப்பு செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு இலை வண்ண அட்டை. ஊராட்சிக்கு ஊராட்சி வாடகைக்குப் பவர் வீடர், அதை ஓட்டப் பயிற்சி பெற்ற பெண்கள், அவர்களுக்கு இயந்திரம் ஓட்டுபவருக்கான கூலி. மருந்து விற்காத ஒருவரிடமிருந்து மருந்து பற்றிய ஆலோசனை. எந்த வட்டாரத்தில் எந்த மருந்துக்குக் களை சாகாமல் நிற்கிறது என்று ஆண்டுதோறும் கணக்கெடுப்பு. 'உழவன்' செயலியில் வானிலையும் உர இருப்பும் பார்க்க முடிகிறது. இந்த எச்சரிக்கையையும் அதிலேயே சேர்க்கலாம்.

கணக்கெடுப்புதான் இதில் மிக அவசரம். ஹரியானாவில் புல் எதிர்ப்புச் சக்தி பெற்றது பயிர் கைவிட்டுப் போன பிறகே பெரிய விஷயமானது. டெல்டாவில் பிஸ்பைரிபேக் சோடியம் வேலை செய்யாமல் போகும் நாள் வந்தால், நேரடி விதைப்புக்கு மாறிய விவசாயிக்குத் திரும்பிப் போக நாற்றங்காலும் இருக்காது, நடவு ஆளும் இருக்காது.

நகரத்தில் அரிசி வாங்குபவருக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், மூன்று விதத்தில் அவரும் இதற்குப் பணம் கட்டுகிறார். யூரியா மானியம் அவர் வரிப்பணம். விளைச்சல் குறைந்தால் அரிசி விலை அவர் பட்ஜெட். காற்றில் போகும் நைட்ரஸ் ஆக்சைடு அவர் மீதும் விழும் வெயில். அடுத்த முறை 'யூரியா தட்டுப்பாடு' என்று நோட்டிஃபிகேஷன் வந்தால், எத்தனை மூட்டை வந்தது என்பதோடு இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்கப்பட வேண்டும்: வந்த மூட்டையில் நெல்லுக்குப் போனது எவ்வளவு?